பெட்டிக்குள் பாக்கியிருந்த ஆட்டம்

காசு போட்டால் ஓடும் விளையாட்டுப் பெட்டி வைத்திருப்பவனிடம் ஊரே வந்து ஒரே வழக்கைத்தான் சொல்லும்: "அதுக்குள்ள அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சா?" இஸ்திரிக் கடை, தையல் கடை, செல்போன் ரிப்பேர் என்று அடுத்தவர் பொருளைக் கையில் வாங்கி வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டதால் வந்த வினைதான் இவ்வளவும்.

பூட்டு எதுக்கு?

பெட்டி பெரிதாகத் தெரியுமே தவிர உள்ளே இருந்தது வீட்டில் டிவியில் மாட்டி விளையாடுகிற சாதாரண வீடியோ கேம்தான். அது என் கூட்டாளி பஷீருடையது. சரியாகச் சொன்னால் அவன் அண்ணன் நசீருடையது. துபாயில் வேலை பார்க்கும் நசீர் அண்ணன் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் லெப்பைக்குடிகாட்டுக்கு வருவார். அந்த மாதம் முழுக்க அண்ணனும் தம்பியும் ஃபுட்பால் ஆடுவார்கள். மற்ற நாளெல்லாம் அது துண்டில் சுற்றிக் கட்டிலுக்கடியில் கிடக்கும். போன லீவில் அவர்கள் டீம் ஒவ்வொரு ஆட்டமாக ஜெயித்துக் கடைசி ஆட்டம் வரை வந்திருந்தது. அதை ஆடுவதற்குள் ஏர்போர்ட் போக வேன் வந்துவிட்டது. அப்படியே சேமித்து வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

வேலையில்லாமல் இருந்த எனக்காகப் பஷீர் அதைத் தூக்கிக் கொடுத்தான். "எந்த ஆட்டம் வேணும்னாலும் ஏத்திக்க மாப்ள. அண்ணன் டீம மட்டும் தொட்டுடாத" என்றான். பெரம்பலூரில் ஒரு ஆசாரியிடம் பிளைவுட்டில் ஆளுயரப் பெட்டி செய்தோம். பழைய எடை மெஷினிலிருந்து காசு விழுகிற பாகத்தைக் கழற்றி மாட்டினோம். அஞ்சு ரூபாய்க் காசு போட்டால் திரை அஞ்சு நிமிஷம் எரியும், பிறகு கறுத்துவிடும். கதவுக்குப் பூட்டு வேண்டும் என்றதும் ஆசாரி சிரித்தார்: "உள்ள என்ன தம்பி, நகையா வெக்கப் போறீங்க?"

எடை காட்டாத மெஷின்

முதலில் பெட்டியை வைத்தது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜூஸ் கடை வாசலில். முதல் வாரமே ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, பெட்டிக்கு முன்னால் விறைப்பாக நின்று காசைப் போட்டார். திரையில் இருபத்திரண்டு பேர் பந்தைத் துரத்தினார்கள். அவர் அசையவில்லை. சீட்டு எங்கே விழும் என்று பெட்டியின் கீழே தடவிப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை, கோபமும் படவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இத்தன பேரு ஓடுறானுவ, என் எடையச் சொல்ல ஒருத்தன் இல்ல பாரு."

மிச்சம் ரெண்டு நிமிஷம்

அடுத்து பாடாலூர். ஹைவே ஹோட்டலில் பஸ் பத்து நிமிஷம் நிற்கும். ஒருவர் டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டே காசு போட்டார். ஆட்டம் பாதியில் இருக்கும்போது கண்டக்டர் விசிலடித்துவிட்டார். மனிதர் டீயையும் பந்தையும் போட்டுவிட்டு ஓடினார்.

இரண்டு நாள் கழித்து எதிர்ப்பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி, ரோட்டைக் கடந்து நேராக என்னிடம் வந்தார். "அன்னைக்குத் திருச்சிக்குப் போறப்ப ரெண்டு நிமிஷம் விட்டுட்டுப் போனேன் தம்பி. இப்ப மெட்ராஸ் திரும்பறேன், அத குடு."

எல்லாமா, ஒன்றிரண்டா

கொடுத்தேன். ஏனென்றால் நானும் அந்த மாதிரி நம்புகிறவன்தான். தாத்தா பாட்டி சொன்ன கதைகளைக் கேட்டே வளர்ந்தவன் நான். பாதியில் தூங்கிப்போனால் மறுநாள் அதே வரியிலிருந்து ஆரம்பிப்பார்கள். விட்டது விட்ட இடத்திலேயே இருக்கும் என்பது எனக்குப் பழகிப்போன எண்ணம்.

பெட்டிக்குள் இருந்த வீட்டு மெஷினும் அப்படித்தான் நினைக்கும். ஆடுகிறவன் வீட்டு ஆள், நாளைக்கும் வருவான் என்று நம்பி, ஒவ்வொருவரிடமும் பேர் கேட்கும், ஆட்டத்தைச் சேமிக்கவா என்று கேட்கும். காசு போட்டு ஆடுகிறவர்களும் சளைக்காமல் பேர் அடித்துச் சேமித்துவிட்டுப் போவார்கள். 'சுரேஷ்', 'ஏஏஏஏ', 'அரியலூர் சிங்கம்' என்று நூற்றுக்கணக்கில் குவிந்துவிட்டது. ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழாவுக்குப் பெட்டியைக் கொண்டுபோனபோது பிள்ளைகள் பைக் ரேஸ் கேட்டார்கள். ஏற்றினால் இடம் இல்லை என்றது மெஷின். எனக்குப் பின்னால் நீளமாக வரிசை. வரிசையை ஒழுங்குபண்ணிய டீச்சர், "சீக்கிரம் தம்பி, பூசைக்கு மணி அடிச்சிடுவாங்க" என்று அவசரப்படுத்தினார். ஒவ்வொன்றாக அழிக்க எனக்குப் பொறுமையில்லை. 'எல்லாம்' என்பதை அழுத்தினேன். பட்டியல் காலியான பிறகுதான், அந்தக் கூட்டத்தின் அடியில் நசீர் அண்ணன் டீமும் இருந்தது என்று உறைத்தது.

பைக் ரேஸை ஏற்றிவிட்டு ஓரமாக ஒதுங்கினேன். முந்தின நாளும் வந்து ஆடிய ஒரு சிறுமி பைக்கை ஓட்டிக்கொண்டே சந்தோஷமாகச் சொன்னாள்: "இப்பதான் நல்லாருக்குண்ணே. நேத்து பூரா யார் யாரோட பேரோ வந்துக்கிட்டே இருந்துச்சு."

போனில் ஒரு 'ம்'

அதற்குப் பிறகு பெட்டியை அரியலூருக்கு மாற்றினேன். ஸ்டேஷன் ரோட்டில் சிமெண்ட் லாரி கிளப்பிய புழுதியைத் தினமும் ரெண்டு தடவை துடைப்பேன். பஷீர் போன் செய்தால், "டீம் பத்திரமா இருக்குல்ல?" என்பான். "ம்" என்பேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது. பொய் சொல்லச் சத்தம் தேவைப்படவும் இல்லை. கடைசியாகப் பேசியபோது அவன் குரலில் அவ்வளவு குஷி: "வெள்ளிக்கிழம அண்ணன் வர்றான்டா. வந்ததும் மொத வேலையா உன் பொட்டியத் திறக்கணுமாம்."

ஒரே ஒரு காசு

வந்தார்கள். நசீர் அண்ணன் எனக்கு ஒரு சென்ட் பாட்டில் வேறு வாங்கி வந்திருந்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன்: "டீம் இல்லண்ணே. நான்தான் அழிச்சிட்டேன்." பஷீர் என் சட்டையைப் பிடித்துவிட்டான். "அன்னைக்கே சொல்றதுக்கு என்னடா? எத்தன தடவ கேட்டேன்! வாயில என்ன, கொழுக்கட்டையா?" அண்ணன் அவன் கையை எடுத்துவிட்டார். "ராத்திரி ரூம்ல படுத்தா அந்தக் கடைசி ஆட்டத்தத்தான் ஆடிக்கிட்டு இருப்பேன். இப்படி அடிச்சா அவன் எப்படித் தடுப்பான்னு" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

நான் பூட்டைத் திறந்து, காசில்லாமல் ஓடும்படி செய்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டி, பையிலிருந்து அஞ்சு ரூபாய்க் காசை எடுத்துப் போட்டார். புதிதாக ஒரு டீம். அண்ணனும் தம்பியும் தோளோடு தோள் ஒட்டி நின்று ஆடினார்கள். ஜெயித்தார்கள். ஆனால் யாரும் கத்தவில்லை. வழக்கம்போல மெஷின் கேட்டது, சேமிக்கவா என்று. பஷீரின் விரல் பொத்தானுக்குப் போனது. அண்ணன் அதைத் தடுத்துவிட்டு என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "வேணாம் தம்பி. வெச்சா அதையும் நீதான் பாத்துக்கணும்."

அஞ்சு அஞ்சு நிமிஷமாக விற்றுப் பிழைத்தவன் நான், ஆனால் ஒரு மனிதரின் ரெண்டு வருஷத்தை அழிக்க எனக்கு அஞ்சு நொடிகூட ஆகவில்லை.