சஹர் நேரத்து மாத்திரை

மகள் நவ்ரீன் எத்தனை முறை கண் சிமிட்டுகிறாள் என்று எண்ணிக்கொண்டேதான் ஷம்ஷாத் புர்கா தைப்பாள். உதட்டில் இரண்டு குண்டூசி இருக்கும். எண்ணிக்கை மனதுக்குள் ஓடும். தண்டையார்பேட்டையின் அந்தச் சந்தில் அவளைப் போல் வேகமாகத் தைப்பவர்கள் இல்லை. அவளைப் போல் பயப்படுகிறவர்களும் இல்லை. யாராவது கேட்டால் மட்டும், "புள்ள கொஞ்சம் துறுதுறுன்னு கீது, வேற இன்னா?" என்று பேச்சை முடித்துவிடுவாள்.

அந்தத் துறுதுறுப்போடு பதற்றமும் கண் சிமிட்டலும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. துறுதுறுப்பு அடங்க காலை எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, எட்டு மணி நேரம் தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாங்கவும் செய்தது. ‘நன்று’ என்று டீச்சர் எழுதிய நோட்டை, துணி கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் ஷம்ஷாத் காட்டினாள். பாவம், அளவு சொல்ல வந்தவர்கள் அதையும் படித்துவிட்டுத்தான் போனார்கள்.

பிறகு ரமலான் வந்தது. பத்து வயது நவ்ரீன், தானும் நோன்பு வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மறுத்தால் அழுகை, அழுதால் கண் இன்னும் அடித்துக்கொள்ளும். ஷம்ஷாத் இளகிவிட்டாள். பகலில் விழுங்கினால் நோன்பு முறியுமே என்று, விடியும் முன் நாலரை மணி சஹர் சாப்பாட்டோடு மாத்திரையைக் கொடுத்தாள். இரண்டு வாரத்தில் டீச்சரிடமிருந்து கடிதம் வந்தது: மதியத்துக்கு மேல் நவ்ரீன் வகுப்பில் உட்காருவதே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் விரல்விட்டு எண்ணியபோதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. நாலரைக்குக் கொடுத்தது பன்னிரண்டரைக்கே தீர்ந்துபோயிருக்கிறது.

"மாத்திரை தவறாம குடுக்குறீங்களா?" டாக்டரம்மா கடிதத்தைப் படித்துக்கொண்டே கேட்டார்.

"ஒரு நாளு கூட தப்புனதில்ல மேடம்."

நோன்பைச் சொன்னால் நவ்ரீன் முன்னாலேயே திட்டு விழும் என்று அதை மட்டும் விட்டுவிட்டாள்.

"அப்ப டோஸ் பத்தலை. கூட்டிடலாம். கண் சிமிட்டுறது அதிகமானா அதுக்குத் தனியா ஒரு மாத்திரை சேர்த்துக்கலாம்."

பக்கத்து நாற்காலியில் நவ்ரீனின் கண்கள் படபடத்தன. ஷம்ஷாத் இந்த முறை எண்ணவில்லை. டாக்டரம்மா சீட்டை இழுத்து எழுதத் தொடங்கினார்.

"எழுதாதீங்க மேடம். தப்பு எம்மேல. நோம்புன்னு சஹர்லயே குட்த்துகினு இருந்தேன்."

சொல்லும்போதே சீட்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துவிட்டாள். பேனா முனை புறங்கையில் நீளமாக ஒரு கோடு இழுத்து நின்றது. அவள் கையை எடுக்கவில்லை.