மலர்க்கொடி எழுதிய வாக்கு

மலர்க்கொடி கதை எழுத வந்தது தட்டச்சு வழியாக. கள்ளக்குறிச்சியில் கோர்ட்டுக்குப் போகும் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடை. மனு, வாடகை ஒப்பந்தம், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றையும் அவள்தான் அடித்துக் கொடுப்பாள். அடுத்தவர் சொல்லச் சொல்ல அடித்துப் பழகிய விரல்கள் மதியத்தில் ஆள் வராத நேரத்தில் சும்மா இருக்கவில்லை. போனில் தொடர்கதை போடும் செயலி ஒன்றில் எழுதத் தொடங்கினாள். முதல் இரண்டும் குடும்பக் கதைகள். சுமாராகப் போயின. மூன்றாவது 'சுனைக்காரி'. அது பிய்த்துக்கொண்டு போனது.

"இன்னா மலரு, இன்னிக்கிப் பேய் வந்துச்சா?" என்று கேட்டபடிதான் கடைக்காரர் மதியச் சாப்பாட்டிலிருந்து திரும்புவார். கணவன் வெங்கடேசன் பஸ் டிப்போவில் மெக்கானிக். "ஊரையே பயமுறுத்தற. ராத்திரி பாத்ரூம் போவ மட்டும் என்ன எழுப்பற" என்பான்.

கல்வராயன் மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்த காலத்தில் நடக்கும் கதை அது. சமவெளியில் நிலபுலம் உள்ள வீட்டுப் பெண் ஒருத்தி, கடுக்காயும் புளியும் கொண்டு இறங்கி வரும் மலைக்காரன் ஒருவன்மேல் ஆசை வைக்கிறாள். அண்ணன் அவளைச் சுனையில் அமுக்கிக் கொல்கிறான். செத்தும் அவள் போகவில்லை. மலைப்பாதையில் நிற்கிறாள், மலைக்காரனோடு பேசுகிறாள், அவன் அடுப்பை ஊதுகிறாள். அவனும் வேறு கல்யாணம் செய்யாமல் ஆவியோடு குடும்பம் நடத்துகிறான். வாசகிகளுக்கு அந்தக் குடும்பம் ரொம்பப் பிடித்துவிட்டது.

இருநூறு வருஷம் பின்னால் தள்ளி வைத்திருந்தாளே தவிர, அது அவள் அக்கா எழில்மதியின் கதை.

நைனார்பாளையத்தில் அவர்களுக்கு நிலம் இருந்தது, இறவைக் கிணறு இருந்தது. மூத்தவன் இளவரசன், அடுத்தது எழில்மதி, கடைசி மலர்க்கொடி. கரும்பு வெட்ட மலையிலிருந்து வந்த கூட்டத்தில் ராசு என்று ஒருவன் இருந்தான். வெட்டு முடிந்தும் அவன் அந்தப் பக்கம் வந்துபோனது வீட்டுக்குத் தெரிந்தது. ஒரு நாள் காலையில் இளவரசன் கழுத்துவரை நனைந்த சட்டையோடு கொல்லைப்பக்கமாக வீட்டுக்குள் வந்தான். சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே போனான். எழில்மதி கிணற்றில் மிதக்கிறாள் என்று கூச்சல் எழுந்தது அதற்கு வெகுநேரம் கழித்து. எட்டாவது படித்துக்கொண்டிருந்த மலர்க்கொடி அந்தச் சட்டையைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அப்பா பார்த்தார். "நீ ஒண்ணும் பாக்கல" என்றார்.

கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். மலர்க்கொடிக்கு அதே கிணற்றில் நீச்சல் சொல்லிக் கொடுத்தவள் எழில்மதி.

அந்தப் பக்கத்தில் கன்னியாகச் செத்தவளை வீடு விட்டுவிடாது. பூவாடைக்காரி ஆக்கிக்கொள்ளும். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் நீர்நிலைக்குப் போய்ப் பம்பை அடித்து அவளை அழைக்க வேண்டும். அவள் யார்மேலாவது வந்து இறங்குவாள். யார், எப்படிப் போனாய், என்ன குறை என்று கேட்பார்கள். சொல்லுவாள். புடவை, வளையல், பூ வைத்துக் குளிரவைத்து வீட்டுக்குக் கூட்டி வருவார்கள். இளவரசன் கல்யாணத்தின்போது எழில்மதி அத்தைமேல் வந்தாள். எப்படிப் போனாய் என்று கேட்டார்கள். "கால் வழுக்கிச்சி" என்றாள். மலர்க்கொடி கல்யாணத்தின்போதும் அத்தைமேல்தான் வந்தாள். அப்போதும் கால்தான் வழுக்கியது. செத்தவளே இரண்டு முறை வாக்குச் சொன்ன பிறகு ஊரில் யாருக்கு என்ன சந்தேகம் இருக்க முடியும்?

ஓரிடத்திலாவது அக்கா உண்மையைச் சொல்லட்டும் என்றுதான் மலர்க்கொடி சுனைக்காரியை எழுதினாள். முப்பத்தெட்டாம் அத்தியாயத்தில் சுனைக்காரி வாய் திறந்தாள். 'என் கால் வழுக்கவில்லை. இந்தச் சுனையை நான் கைவீசி அளந்தவள். என்னை அமுக்கிய கை எது என்று எனக்கும் தெரியும், நீருக்கும் தெரியும்.' அதை அடித்து முடித்த மதியம் மலர்க்கொடி கடையை உள்பக்கம் சாத்திக்கொண்டு அழுதாள்.

அதற்கு முன்பே ஒருமுறை மலைக்குப் போயிருந்தாள். பழைய காலத்து விவரம் வேண்டும் என்று வெங்கடேசனிடம் சொன்னாள். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலை பஸ்ஸில் ஏறியபோது தனக்கு வேண்டிய விவரம் எது என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. இரண்டு ஊர் விசாரித்ததில் ராசு கிடைத்தான். மனைவி, மக்கள், பேரப்பிள்ளை எல்லாம் இருந்தார்கள். முற்றத்தில் புளி காயவைத்துக்கொண்டிருந்தான்.

தான் யார் என்று சொன்னாள். அவன் புளியைப் புரட்டுவதை நிறுத்தவில்லை.

"கதை எழுதறன்ங்க. ஜாகிர் காலத்துக் கதை. கதாநாயகன் நெல்லுச் சோறு சாப்புடறான்னு எழுதிட்டன்."

"அப்ப நெல்லு ஏதுங்க மேல? சாமைதான், தினைதான். மாத்திடுங்க." கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்கா இம்மாந் தூரம் வந்தீங்க?" என்றான்.

அவள் முற்றத்தில் உட்கார்ந்து ஒரு புளியிலிருந்து கொட்டையை எடுக்கத் தொடங்கினாள்.

"உங்கக்காவப் பத்தி எழுதறதா இருந்தா ஒண்ணு எழுதுங்க. கோவக்காரி. ஒரு வாட்டி வரேன்னு சொல்ட்டு வரலைன்னு ரெண்டு அமாவாசை எங்கூடப் பேசல. கால்ல வுழுந்து பாத்தேன். ம்ஹூம். லேசுல ஆறாது அதுக்கு." சிரித்தான். பிறகு புளியைப் பார்த்துக்கொண்டு, "பூவாடைல வந்து கால் வழுக்கிச்சின்னு சொன்னதாக் கேள்விப்பட்டேன். சிரிப்பா வந்துது. அழுவையும் வந்துது" என்றான்.

மலர்க்கொடி இறங்கி வந்து நெல்லைச் சாமையாக மாற்றினாள்.

முப்பத்தெட்டாம் அத்தியாயத்துக்குப் பின்னூட்டங்கள் குவிந்தன. வாசகிகள் முதலில் அழுதார்கள். பிறகு அண்ணனைப் பற்றிக் கவலைப்படத் தொடங்கினார்கள். 'அண்ணன் பாவம் மேடம், சூழ்நிலைக் கைதி.' 'மன்னிச்சாத்தான் தெய்வம்.' 'சோகமா முடிச்சீங்கன்னா அடுத்த கதை படிக்க மாட்டேன், சொல்லிட்டேன்.' மலர்க்கொடி இரண்டு நாள் வீம்பாக இருந்தாள். மூன்றாம் நாள் எழுதிக் கொடுத்துவிட்டாள். கதைதானே. நாற்பத்தோராம் அத்தியாயத்தில் அண்ணன் மகளின் கல்யாணத்துக்கு முன்னால் சுனைக்காரி வருகிறாள். 'அழாதே அண்ணா. நீர் சுடவுமில்லை, குளிரவுமில்லை. அம்மா தலைக்கு வார்ப்பதுபோல இருந்தது. எனக்குக் கோபமில்லை. உன் மகள் வயிற்றில் நானே வந்து பிறக்கிறேன்.' கொஞ்சம் சர்க்கரை தூக்கல் என்று அவளுக்கே பட்டது. அன்று வந்த அளவு பாராட்டு அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

தையில் இளவரசன் மகள் இலக்கியாவுக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் எல்லாரும் கிணற்று மேட்டுக்குப் போனார்கள். போர் போட்ட பிறகு கிணற்றை யாரும் கவனிக்கவில்லை. அடியில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. வாழையிலையில் புடவை, வளையல், பொரி, பழம். பம்பைக்காரர் தெய்வசிகாமணி கரகத்துக்குப் பூச் சுற்றினார். அத்தை போன வருஷம் இறந்துவிட்டதால் இந்த முறை எழில்மதி யார்மேல் வருவாள் என்று பெண்கள் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மலர்மேல வந்தாலும் வரும்."

"அது டவுன் பொம்பள. அதுமேலல்லாம் வராது."

பம்பை சூடு பிடித்தது. தெய்வசிகாமணி அழைத்துப் பாடினார். பாட்டு மூன்றாம் சுற்று வந்தபோது இளவரசன் மனைவி ஜீவா தலையை ஆட்டத் தொடங்கினாள். கூந்தல் அவிழ்ந்தது. இரண்டு பேர் பிடித்தும் நிற்கவில்லை.

"யாரும்மா வந்திருக்கறது?"

"எழிலு."

"எந்த எழிலு?"

"இந்த வூட்டுப் பொண்ணு எழிலு."

"வாம்மா. எப்பிடிப் போன தாயி? கால் வழுக்கிச்சா?" வழக்கமான கேள்வி. தெய்வசிகாமணி பதிலுக்குக் காத்திராமல் கற்பூரத்தை எடுத்தார்.

"கால் வழுக்கல."

பம்பை நின்றது.

"எனக்கு நீச்ச தெரியாதா? இந்தக் கெணத்தக் கைவீசி அளந்தவடா நானு. என்ன அமுக்கின கை எதுன்னு எனக்கும் தெரியும், தண்ணிக்கும் தெரியும்."

மலர்க்கொடிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அக்கா வந்துவிட்டாள். இத்தனை வருஷம் கழித்து, ஊர் கேட்க, அதே கிணற்று மேட்டில் நின்று சொல்லிவிட்டாள். சொற்கள் எங்கிருந்து வந்தன என்று யோசிக்கவே அவளுக்குத் தோன்றவில்லை. அக்கா என்று கத்திக்கொண்டு ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அவள் ஓடுமுன் இளவரசன் போய் ஜீவாவின் காலில் விழுந்தான். வேட்டி மண்ணில் புரண்டது. "எழிலு... எம்மா எழிலு..." அவன் அப்படி அழுது யாரும் பார்த்ததில்லை. அப்போது கேட்டிருந்தால் அவனே தன் வாயால் சொல்லியிருப்பான். எல்லார் கண்ணும் அவன் கைமேல் இருந்தது.

ஜீவா குனிந்து அவன் தலையைத் தொட்டாள்.

"அழுவாதண்ணா. தண்ணி சுடவும் இல்ல, குளுரவும் இல்ல. அம்மா தலைக்கு ஊத்தற மாரி இருந்திச்சி. எனக்குக் கோவம் இல்லண்ணா. ஒம் பொண்ணு வயித்துல நானே வந்து பொறக்கறேன்."

மலர்க்கொடி நின்ற இடத்திலேயே நின்றாள்.

குலவை எழுந்தது. "ஆத்தா மனசு குளுந்துட்டா" என்று யாரோ கத்தினார்கள். பம்பையில் மறுபடி அடி விழுந்தது. இலக்கியாவை இழுத்து வந்து திருநீறு பூசவைத்தார்கள். கரகத்துக்குமேல் வெள்ளை வேட்டியை விதானம் பிடித்துக்கொண்டு கூட்டம் வீட்டை நோக்கி நடந்தது. அமுக்கியது யார் என்று யாரும் கேட்கவில்லை. அவளே மன்னித்த பிறகு கேட்க ஊர் யார்? வழியில் இரண்டு பெண்கள் இளவரசன் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டார்கள்.

இரவில் மலர்க்கொடி ஜீவாவிடம் மெல்லக் கேட்டாள். "அண்ணி, நான் எழுதற கதையப் படிக்கிறியா?"

"ஒண்ணு வுடாமப் படிச்சிக்கினுதான் இருக்கேன். நாப்பத்தொண்ணு எத்தினி வாட்டி படிச்சேன் தெரியுமா, அப்பிடி ஒரு அழுவ."

"இன்னிக்கிக் கெணத்தாண்ட இன்னா பேசினன்னு ஞாபகம் இருக்கா?"

"ஒண்ணும் தெரில மலரு. தண்ணி குடுத்தப்பதான் கண்ணு தெரிஞ்சிச்சி. இன்னா சொன்னேன்?" ஜீவாவின் கண்ணில் பொய் இல்லை. உடம்பு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டாள்.

கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். இளவரசன் நாற்காலியில் சாய்ந்து டீ குடித்தான். முகம் பத்து வயது குறைந்திருந்தது.

"ராத்திரி அடிச்சிப் போட்ட மாரித் தூங்கினேன் மலரு. எவ்ளோ வருசம் ஆச்சி தெரியுமா? ஒளிச்சி வச்சது போதும்னு அவளே வந்து அவுத்து வுட்டுட்டா."

"அது அக்கா இல்லண்ணா" என்றாள் மலர்க்கொடி. "நான் எழுதினது. வார்த்தைக்கு வார்த்தை நான் எழுதினது. அண்ணி போன்ல படிச்சிருக்கு."

அவன் கோபப்படவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான்.

"நீ அப்ப சின்னப் பொண்ணு. கெணத்துல நடந்தது ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒன் சட்டையப் பாத்தேன். கழுத்துவரிக்கும் நனைஞ்சிருந்திச்சி. அப்ப இன்னும் யாரும் கூச்சல் போடல."

பந்தல்காரர் மூங்கிலை உருவும் சத்தம் கேட்டது. இளவரசன் தரையைப் பார்த்தான். இதற்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்ததாக மலர்க்கொடிக்குத் தோன்றியது. அவன் ஏதாவது சொல்லட்டும். இல்லை என்றாவது சொல்லட்டும்.

"அதான் மன்னிச்சிட்டாளே" என்றான்.

"அவ மன்னிக்கலண்ணா. நான்..."

"ஒன்ன எழுத வச்சது யாரு?" அவன் குரல் கனிந்திருந்தது. "மொதல்ல ஒம்மேல வந்துருக்கா. ஒனக்குத் தெரில. ஜீவாவுக்கும்தான் தெரில. சாமி வந்தவங்களுக்கு எப்பிடிம்மா தெரியும்?" எழுந்து அவள் தலையை ஒருமுறை தடவிவிட்டு, பந்தல்காரரிடம் வாழைமரத்தை மாட்டுக்குப் போடச் சொல்லிக்கொண்டு போனான்.

கள்ளக்குறிச்சிக்கு வந்த அன்றே மலர்க்கொடி நாற்பத்தோராம் அத்தியாயத்தைச் செயலியிலிருந்து எடுத்துவிட்டாள். வேறு எழுதப் பார்த்தாள். சுனைக்காரி வருகிறாள், அண்ணன் விழுகிறான், அவள் காலை நகர்த்திக்கொள்கிறாள். அதற்குமேல் சொல் வரவில்லை. அக்கா கோபத்தில் எப்படிப் பேசுவாள் என்று நினைவுபடுத்த முயன்றாள். அந்தக் குரல் அடித்தொண்டையிலிருந்து வருமா, மூக்கால் பேசுவாளா, கத்துவாளா, பேசாமல் இருப்பாளா? ஜீவாவின் குரல்தான் திரும்பத் திரும்ப வந்தது. எவ்வளவு தள்ளினாலும் போகவில்லை. பின்னூட்டத்தில் வாசகிகள் அத்தியாயம் எங்கே என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் யாருக்கும் பதில் போடவில்லை.

பத்து நாள் போயிருக்கும். இரவு கடை சாத்தும் நேரத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலியை அடித்துக்கொண்டிருந்தபோது ஜீவா போன் செய்தாள்.

"இன்னா மலரு, நாப்பத்தொண்ணக் காணோம்? ஒங்கண்ணன் தெனம் படுக்கறப்ப அதப் படிக்கச் சொல்லிக் கேக்கறாரு. அது கேட்டாத்தான் தூக்கம் வருதாம்."

"எடுத்துட்டன் அண்ணி. அது தப்பா எழுதிட்டன்."

"தப்பா? அய்ய, இன்னா தப்பு? நல்லாத்தான இருந்துது. பரவால்ல வுடு, நான் அப்பவே போட்டோ புடிச்சி வச்சிக்கினேன். சரியா இருக்கா பாரு, படிக்கிறேன்."

வேண்டாம் என்று அவள் சொல்லுமுன் ஜீவா வாசிக்கத் தொடங்கிவிட்டாள். எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். அவள் பக்கத்தில் யாரோ கட்டிலில் திரும்பிப் படுக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் இளவரசன் கதை கேட்கிற குழந்தை மாதிரி "ம்" என்றான்.

மலர்க்கொடி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எதிரில் நின்ற ஆள், செத்தவரின் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.