கரையில் விட்ட முயல்கள்

முயலைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று வேதாசலம் நம்பினார். ஏலகிரி அடிவாரத்தில் பிறந்தவர். காட்டு முயல் வளை தோண்டாது. புல்லை அழுத்திப் பள்ளமாக்கிப் படுத்துக்கிடக்கும், ஆபத்து வந்தால் ஓடும். குட்டிகூடக் கண் திறந்து, மயிரோடுதான் பிறக்கும். எல்லாம் அவர் கண்ணால் பார்த்தது.

ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் தொழிற்சாலையில், பதினெட்டு வருடமாகக் கழிவுக் குட்டைக்கு அவர்தான் காவல். குட்டையின் மண்கரைக்கு நேர் கீழே ஒரு ஷெட். அங்கே பன்னிரண்டு பெண்கள் தோலின் ஓரம் வெட்டினார்கள். அவர் மனைவி அம்பிகாவும் அவர்களில் ஒருவர்.

மகள் ஆசைப்பட்டு வாங்கிய இரண்டு வெள்ளை முயல்கள் வீட்டில் பத்தாகிவிட்டன. கறிக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆடி மாதம் சாக்கில் போட்டுக் கொண்டுவந்து கரைப் புல்லில் விட்டார்.

ஆவணியில் சூப்பர்வைசர் சமீருல்லா கரையில் துளைகளைப் பார்த்தார்.

"இன்னா வேதாசலம், உன் மொசலுங்க வேலையா இது?"

"மொசலு எங்க பாய் வளை தோண்டும்? அது புல்லுல படுக்கும். இது பெருச்சாளி."

"சரிப்பா, மொசலு டாக்டரே சொல்லிட்டாரு."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். வேதாசலம் நாலு கூடை மண் கொட்டித் துளைகளை அடைத்தார். மறுவாரம் பக்கத்திலேயே வேறு துளைகள். அவற்றையும் அடைத்தார்.

ஐப்பசியில் மழை விடாமல் பெய்த மூன்றாம் நாள், ஒரு வளையின் வாய் மண்ணால் மூடியிருந்தது. அவர் மூடியதல்ல. கிளறிக் கையை விட்டார். தோள்வரை போயிற்று. விரலில் மயிர் மெத்தை தட்டியது. அதற்குள் மயிர் முளைக்காத குட்டிகள் நெளிந்தன.

கூண்டு முயல் வேறு இனம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெறும் சதையாகப் பிறக்கும் குட்டியை நாய்க்கும் பருந்துக்கும் எட்டாமல் காக்கத்தான் தாய் மண்ணுக்குள் போகிறது. மூன்று மாதமாக அவை உள்ளே தோண்டிக்கொண்டிருந்திருக்கின்றன.

கையை வெளியே எடுத்தார். சட்டைக் கை குட்டைத் தண்ணீரின் நீலம் பாய்ந்து நனைந்திருந்தது. மழைத் தண்ணீருக்கு அந்த வாடை கிடையாது.

ஷெட்டுக்கு ஓடினார். "எல்லாரும் ரோட்டுக்குப் போங்க! சீக்கிரம்!"

"மொசலு தொரத்துதா அண்ணே?" என்றாள் ஒருத்தி.

"கரை போவுதும்மா! எழுந்திரு!"

அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பன்னிரண்டு பேரும் வாசலைத் தாண்டியதை எண்ணிக்கொண்டு, அவர் ஒரு மணல் மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

அம்பிகா சட்டைக் கையைப் பிடித்தார். "நீங்க எதுக்குங்க போறீங்க? பாயைக் கூப்பிடுங்க."

"நான் விட்டதும்மா. அடைச்சிட்டு வந்துட்றேன்."

கரை சரிந்தபோது ஷெட்டில் ஒருவரும் இல்லை. கரைமேல் அவர் இருந்தார்.

இப்போது புதுக் கரை எழுப்பியிருக்கிறார்கள். மீந்த முயல்கள் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. அம்பிகா தினமும் வேலைக்கு உட்காரும் முன் அந்தக் கரையை ஒரு சுற்றுச் சுற்றிவருகிறார், தரையைப் பார்த்தபடி. போன திங்கட்கிழமை ஓரிடத்தில் நின்று குனிந்தார். புல்லுக்கடியில் கொஞ்சம் புதுமண் கிடந்தது.