கடைக்கு வரக்கூடாத மனிதர்

குலசிங்கத்தின் அச்சகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டுதான் வருவார்கள். புலம்பெயர்ந்து வந்த ஊரான அஜின்கோர்ட்டில், பிளாசா என்கிற கடைத்தொகுதி ஒன்றின் பின்பக்கத்தில் இருந்த அந்தக் கடையில் கலியாணக் கார்ட்டும் அடித்தார்கள். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கல்வெட்டுத்தான். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள், வீட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகம். படம், பிறந்த ஊர், பெற்றோர், பிள்ளைகள், மருமக்கள், பேரர் என்று வம்சம் முழுவதும் அதில் வரவேண்டும். ஒரு மச்சாளின் பெயர் விடுபட்டால் போதும், செத்தவரை மறந்துவிட்டுக் குலசிங்கத்தைத் திட்டுவார்கள். அதனால் அவர் ஒரு படிவமே வைத்திருந்தார். யார் வந்தாலும் அதை நிரப்பாமல் விடமாட்டார்.

இந்த மனிதர் ஐந்து வருடமாக ஒரு துப்பாக்கிக் கழகத்தின் செய்தி இதழையும் அச்சடித்து வந்தார் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். அவருக்கே அது கஷ்டமாக இருந்தது. கௌபோய் காலத்து உடுப்பும் தொப்பியும் போட்டுக்கொண்டு, பழைய மாதிரித் துப்பாக்கிகளால் இரும்புத் தகடுகளைச் சுட்டுப் போட்டி வைக்கிற வெள்ளைக்காரர்களின் கழகம் அது. பேரப்பிள்ளை கண்ட ஆட்கள் சனிக்கிழமைகளில் இப்படியும் விளையாடுவார்களா என்று குலசிங்கம் முதலில் சிரித்தார்.

அவருடைய மனைவி யோகமலர் சிரிக்கவில்லை. கடையில் தாள் மடிப்பதும் பின் அடிப்பதும் அவளுடைய வேலை. அவளுடைய தம்பியை எண்பத்தேழாம் ஆண்டு யுத்த நேரம் ஊரில், கோப்பாய்ச் சந்தியில் யாரோ சுட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். யார், எதற்கு என்று இன்றுவரை தெரியாது.

"நீங்கள் என்னத்தையும் அடியுங்கோ. துவக்குக் கதை எழுதின பேப்பரை நான் தொடமாட்டன்" என்று சொல்லிவிட்டாள். துப்பாக்கி என்ற பேச்சே அவளுக்கு ஆகாது.

ஆகவே அந்த இதழைக் குலசிங்கமே மடித்தார். ஒரு வரிகூட வாசிக்கவில்லை. வாசித்தால் தானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகிவிடுவேன் என்று ஒரு பயம். முதற்பக்கத்தில் எப்போதும் ஒரே ஆள்தான் எழுதுவார். பெயர் நோ ஹறி நெட், அதாவது அவசரப்படாத நெட். கழகத்துக்காரர் அவருடைய எழுத்தை வேதவாக்காக எடுப்பார்கள் என்று கேள்வி. துப்பாக்கியைப் பற்றி இப்படி வருடக்கணக்கில் எழுத ஒரு மனிதனுக்கு என்னதான் இருக்கிறது? முகம் தெரியாத அந்த நெட்டைக் குலசிங்கம் மனதார வெறுத்தார்.

கழகத்திலிருந்து அந்த எழுத்தைக் கடைக்குக் கொண்டுவருகிற ஹறல்ட் என்பவரை இருவருக்கும் நன்றாகப் பிடிக்கும். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர், ஒல்லியான ஆள். யாரும் சொல்லாமலே சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். யோகமலரின் கடலை வடையின் உறைப்புத் தாங்காமல் கண்ணைத் துடைத்துத் துடைத்து இரண்டாவதும் கேட்பார். "பாவம், தனிய இருக்கிற மனிசன்" என்று அவள் வீட்டுக்கும் பொட்டலம் கட்டிக் கொடுப்பாள்.

முதல் வருடமே ஒருநாள், யோகமலர் ஏன் அந்தத் தாள்களின் பக்கம் வருவதில்லை என்று ஹறல்ட் கேட்டார். குலசிங்கம் தனக்குத் தெரிந்த இங்கிலீசில் மைத்துனனின் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்லக் கோபம் ஏறியது. "இதை எழுதுகிறாரே அந்த நெட், அவர் மட்டும் இந்த வாசலை மிதிக்கக்கூடாது. நீங்கள் வாருங்கள். உங்களோடு எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை" என்று முடித்தார்.

ஹறல்ட் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, நெட் இங்கே வரமாட்டான்" என்றார். அன்றைக்குச் சப்பாத்தைப் போட்டுக்கொள்ள அவருக்கு நெடுநேரம் பிடித்தது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஒக்ரோபரில் ஒரு புதன்கிழமை, கழகத்தின் செயலாளர் டொனா தொலைபேசியில் அழைத்தார். நெட் இறந்துவிட்டாராம். சனிக்கிழமை நினைவுக் கூட்டம், நூறு பிரதி நினைவுப் புத்தகம் வேண்டும் என்றார். குலசிங்கத்துக்குச் சந்தோசமும் இல்லை, கவலையும் இல்லை. தொழில் தொழில்தான் என்று படிவத்தை எடுத்தார். பிள்ளைகள்? இல்லை. பிறந்த ஊர்? தெரியாது. அப்படியானால் உறவுக்காரர் யார்?

"நாங்கள்தான்" என்று டொனா அழுதார். அழுகை ஓய்ந்ததும் பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தொலைநகலில் அனுப்பினார். விதவை மேப்பிள், இரட்டைக்குழல் பாதிரி, ஒற்றைக்கண் பீற் என்று பெயர்கள் இறங்கின. இதில் மகன் யார், மருமகன் யார் என்று குலசிங்கம் தலையைச் சொறிந்தார். விதவை என்றால் நெட்டின் மனைவியாகத்தான் இருக்கவேண்டும் என்று அவரை முதலில் போட்டார்.

அன்று வீட்டில் யோகமலரிடம், "ஹறல்ட்டின்ர கூட்டாளி செத்துப்போனாராம். அவரைப் பராமரிக்கிறதிலைதான் மனிசன் ரெண்டு மாசமாய் இந்தப் பக்கம் வரேல்லைப் போல" என்றார்.

"வெள்ளிக்கிழமை புத்தகம் எடுக்க வருவார்தானே. வடை சுட்டுக்கொண்டு வாறன்" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை காலை நெட்டின் படம் வந்து சேர்ந்தது. பெரிய தொப்பி, கழுத்தில் துண்டு, இடுப்பில் இரண்டு துப்பாக்கி. கல்வெட்டுக்கு முகம் மட்டும்தான் எடுப்பது வழக்கம். குலசிங்கம் தொப்பியின் மேல் ஒரு வெள்ளைத் தாளையும் இடுப்பின் மேல் இன்னொரு தாளையும் வைத்து மறைத்து, நடுவில் மிஞ்சிய முகத்தைப் பார்த்தார். படத்துக்குள்ளிருந்து ஹறல்ட் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

படத்தை மாற்றி அனுப்பிவிட்டீர்கள் என்று டொனாவை அழைத்துச் சொன்னார். டொனா ஆச்சரியப்பட்டார்.

"ஹறல்ட்தானே நெட். கழகத்தில் சேர்ந்தால் எல்லோரும் ஒரு புதுப்பெயர் வைத்துக்கொள்வோம். விதவை மேப்பிள் நான்தான், என் கணவர் வீட்டில் இருக்கிறார். உங்களுக்கு இது தெரியாதா?"

தொலைபேசியை வைத்த பிறகு குலசிங்கத்துக்கு ஒன்றும் ஓடவில்லை. எந்த மனிதனை வாசல் மிதிக்கக்கூடாது என்றாரோ, அந்த மனிதனிடமே அதைச் சொல்லி, வடையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஹறல்ட் எங்களை வைத்து விளையாடினாரா? விளையாட வந்தவர் ஏன் ஐந்து வருடம் பேசாமல் இருந்தார்? துக்கப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றாக வந்தன. யோகமலரிடம் என்ன சொல்வது? சொன்னால், அவள் தன் கையால் ஊட்டாத குறையாகக் கொடுத்ததெல்லாம் துப்பாக்கிக்காரனுக்குக் கொடுத்ததாகிவிடும். சொல்லாவிட்டால் அவரும் ஒளித்தவராகிவிடுவார்.

அவர் அலுமாரியில் கிடந்த பழைய இதழ்களை அள்ளிக்கொண்டு வந்து வாசிக்கத் தொடங்கினார். ஆறு குண்டு போடும் துப்பாக்கியில் ஐந்துதான் போடவேண்டும், குண்டைத் தட்டும் சுத்தியலுக்குக் கீழே உள்ள அறை வெறுமையாக இருக்கவேண்டும் என்று ஓரிடத்தில் ஹறல்ட் எழுதியிருந்தார். சுட்டு முடித்ததும் ஒரு மேசைக்குப் போய், துப்பாக்கி வெறுமையாகிவிட்டது என்று இன்னொருவருக்குத் திறந்து காட்டவேண்டும், காட்டாமல் ஒருவரும் போகக்கூடாது என்று பல இடங்களில் எழுதியிருந்தார். கோப்பாய்ச் சந்தியில் அப்படி ஒரு மேசை இருந்ததா என்று குலசிங்கத்துக்கு ஆத்திரம் வந்தது. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு டிசம்பர், நத்தார்ப் பண்டிகை இதழில் இப்படி இருந்தது:

"என் நண்பர் ஒருவரின் கடைக்குள் நெட்டுக்கு அனுமதி இல்லை. காரணத்தைக் கேட்டேன், நியாயம்தான். நான் அந்த வாசலை எங்கள் மேசையாக நினைத்துக்கொள்கிறேன். அங்கே நெட்டை இறக்கி வைத்துவிட்டு வெறும் ஹறல்ட்டாக உள்ளே போகிறேன். இதை அவரே அச்சடிப்பார், வாசிக்கமாட்டார். என்றாவது வாசித்தால் கோபிக்க அவருக்கு உரிமையுண்டு."

குலசிங்கம் அதை அச்சடித்திருந்தார். மடித்துமிருந்தார்.

மத்தியானம் யோகமலர் வடைச் சட்டியுடன் வந்தாள்.

"இஞ்சரும், இதிலை கொஞ்சம் இரும்" என்று கதிரையைக் காட்டினார். எல்லாவற்றையும் சொன்னார். நத்தார் இதழில் இருந்த அந்தப் பந்தியையும் வரி வரியாகத் தமிழில் சொன்னார்.

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தம்பியின்ர கதை தெரிஞ்சுமோ வந்தவர்?"

"ஓம். தெரிஞ்சுதான் வந்தவர்."

"எங்களை ஏமாத்தினவரோ?"

"எனக்குத் தெரியேல்லை."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தானே."

"சொல்லியிருந்தா வடை குடுத்திருப்பீரோ?"

"இல்லை" என்றாள் உடனே. பிறகு சட்டியின் மூடியைத் திறந்து மூடினாள். "தெரியேல்லையப்பா. இப்ப ஒண்டும் தெரியேல்லை."

குலசிங்கம் கத்தரிக்கோலை எடுத்தார். "முகத்தை மட்டும் வெட்டி எடுப்பம். துவக்கு வேண்டாம்."

"வெட்டாதேங்கோ" என்றாள் யோகமலர். "முழுசாய்ப் போடுங்கோ. அஞ்சு வரிசமாய் ஒளிச்சது போதும்."

படம் முழுதாகவே அட்டையில் வந்தது. நூறு பிரதியையும் யோகமலரே மடித்தாள், இதற்கு முன் அவள் தொட்டறியாத தாள். ஒவ்வொரு அட்டையையும் மடிக்கும்போது தன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆனால் ஒரு மடிப்பும் கோணவில்லை.