மந்தையில் யார் அடியெடுப்பது

அம்சவள்ளிக்குக் கல்யாணத்தின்போது மாதா கோயில் ஏட்டில் எழுதிய பெயர் அமலோற்பவம். அந்தப் பெயரை வாய்கொள்ளக் கூப்பிட்டவர் யாருமில்லை. நைனார்பாளையத்துக்குக் கிழக்கே ஒரு ஊரில் பிறந்து, அதே ஊரில் கிறிஸ்தவர்கள் குடியிருக்கும் வேதக்காரத் தெருவில் சூசைநாதனுக்கு வாழ்க்கைப்பட்டவள். சூசைநாதன் அவளுக்குச் சொந்த அத்தை மகன். அத்தை வாழ்க்கைப்பட்டுப் போன குடும்பம் அவன் தாத்தா காலத்தில் வேதத்தில் சேர்ந்தது. சாமி மாறியதே தவிர சம்பந்தம் மாறவில்லை.

காணும் பொங்கலன்று மாரியம்மன் கோயில் எதிரே உள்ள மந்தைவெளியில் சாணிப் பிள்ளையாரை நடுவில் வைத்துப் பெண்கள் கும்மி கொட்டுவார்கள். ஒருத்தி அடியெடுக்க, மற்றவர்கள் அதை வாங்கிப் பாடிக் கை தட்டவேண்டும். வாங்க ஆளில்லையென்றால் பாட்டு அங்கேயே செத்துப்போகும். பன்னிரண்டு வயதிலிருந்து அடியெடுப்பவள் அம்சவள்ளிதான். கல்யாணத்துக்குப் பிறகு முதல் பாட்டு பிள்ளையாருக்கு, இரண்டாவது மாதாவுக்கு. யாருக்கும் காது நோகவில்லை.

எண்பத்தேழில் ஊரார் தங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டுச் செய்த சாலை மறியல் வந்தது. புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள். போலீஸ் லாரியில் ஏற்றியவர்களில் சூசைநாதனும் இருந்தான், மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா சுப்புராயனின் மகன் இளஞ்செழியனும் இருந்தான். இளஞ்செழியன் ஜாமீனில் வந்துவிட்டான். சூசைநாதன் பொங்கலுக்கும் ஜெயிலில் கிடந்தான்.

அதற்குள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. ஒதுக்கீட்டில் வேதக்காரருக்கு வேறு பட்டியலாம், நம் பங்கில் அவர்களுக்கு ஏது கை? அந்தப் பேச்சு ரோட்டிலிருந்து மந்தைக்கு வந்தது. மந்தை மாரியம்மனுக்குச் சொந்தம், வேதக்காரப் பெண் அங்கே அடியெடுக்கக்கூடாது என்று சுப்புராயன் தமுக்கடித்துச் சொல்லிவிட்டார். அவர் ஒன்றும் அந்நியரில்லை. அம்சவள்ளியின் தாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி.

அம்சவள்ளி மஞ்சள் பூசிக் குளித்து, பூசணிப் பூவோடு மந்தைக்குப் போய் நின்றாள்.

"இங்க இன்னாத்துக்கு வந்து நின்னுகினு இருக்கிற?" என்றார் சுப்புராயன்.

"இன்னா மாமா, வருசா வருசம் நிக்கிற எடந்தான்."

"இப்ப சாமி வேறயாப் போச்சு இல்ல?"

"லாரியில ஏத்தும்போது எந்தச் சாமின்னு போலீஸ்காரன் கேக்கல. உங்க புள்ளையும் அவரும் ஒண்ணா குந்திக்கினுதான் போனாங்க."

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. சுப்புராயனுக்கு முகம் சுண்டிவிட்டது. அவள் கழுத்துச் சிலுவையைக் காட்டி, "பாடற ஆசை ஜாஸ்தியா இருந்தா அதக் கழட்டி வச்சிட்டு வா" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. சிலுவை கோத்திருந்தது தாலிக்கயிற்றில். புருஷன் ஜெயிலில் இருக்க, நல்ல நாளில், ஊர் பார்க்க, அக்காள் மகளைத் தாலி கழற்றச் சொல்லிவிட்டார் தாய்மாமன்.

"இதக் கட்டின கை ஜெயில்ல இருக்கு மாமா," என்றாள் அம்சவள்ளி. "அவரே வந்து சொன்னாலும் கழட்ட மாட்டேன். நீங்க யாரு?"

"நா அதச் சொல்லல..." என்று இழுத்தார் சுப்புராயன்.

அவர் மனைவி காசியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "பேசாம வூட்டுக்குப் போய்யா. இன்னும் எதனா சொல்லித் தொலைக்கப்போற."

அம்சவள்ளி யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பிள்ளையாருக்கு முதல் அடியை எடுத்தாள். வாங்க ஆளில்லை. மறுபடியும் எடுத்தாள். காசியம்மாள் தட்டினாள், பிறகு ஏழெட்டுப் பேர். மற்றவர்கள் கோயில் பக்கம் ஒதுங்கியே நின்றார்கள்.

பாதி வளையம்தான். அந்த இடைவெளி தெரியாதபடி அவள் கையை அகல வீசிச் சுற்றினாள். இரண்டாவது பாட்டு வந்ததும், ஒதுங்கி நின்றவர்கள் காதிலும் விழட்டும் என்று, மாதா பாட்டை வழக்கத்தைவிட ஒரு கட்டை ஏற்றியே எடுத்தாள்.