புதுப் பிடியின் சாய்வு

மெயின்லேண்டிலிருந்து வந்த புதுக் கைத்துப்பாக்கியைத் தூக்கிய அன்றே தெரிந்துவிட்டது, இது எனக்கு ஒத்துவராது என்று. பழையதன் பிடி ஏறக்குறைய நேராக இறங்கும். இதன் பிடியோ பின்பக்கமாக நன்றாகச் சாய்ந்திருந்தது. பல வருடப் பழக்கத்தில் மணிக்கட்டு பழைய கணக்கிலேயே எழும்ப, குழல் ஆகாயத்தைப் பார்த்தது.

கார் நிக்கோபார் தீவுக்குப் போகும் கப்பலில் ஆயுதக் காவல் என் வேலை. நானே கேட்டு வாங்கியது. புதுத் துப்பாக்கியில் தேறாவிட்டால் அந்த வேலையைப் பிடுங்கிவிட்டு, ஜெட்டி வாசலில் பாஸ் பார்க்க உட்காரவைத்துவிடுவார்கள். தேர்விலோ விசில் ஊதிய உடனே கையை உயர்த்திச் சுட வேண்டும். நிதானமாகக் குறியை நேராக்க நேரம் கிடையாது.

முதல் பயிற்சியில் என் குண்டுகள் எல்லாம் அட்டை மனிதனின் தலைக்கு மேலே மண்மேட்டில் போய்ப் புதைந்தன. பயிற்சி அதிகாரி எல்லோர் முன்னாலும், "மேடம் கா கலாயி கம்ஜோர் ஹை" என்றார். எனக்கு மணிக்கட்டில் வலுவில்லையாம்.

"நஹி சாப். கிரிப் கா ஆங்கிள் அலக் ஹை" என்றேன், பிடியின் கோணமே வேறு என்று.

"நாச் ந ஜானே, ஆங்கன் டேடா."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாமே, அதேதான். வரிசை முழுக்கச் சிரித்தது.

கட்சால் தீவிலிருந்து பயிற்சிக்கு வந்த என் தோழி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "கொஞ்சம் கீழ பாத்து சுடுங்கக்கா. எல்லாரும் அப்பிடித்தான் பாஸ் பண்றாங்க."

"கப்பல்ல ஒருத்தன் பக்கத்துல நிப்பான், ஒருத்தன் தூரத்துல நிப்பான். யாருக்கு எவ்வளவு கீழன்னு அப்ப கணக்குப் போடுவியா?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

அதன்பிறகு தினமும் துப்பாக்கியைத் துடைத்து முடித்ததும், அது காலியா என்று பார்த்துக்கொண்டு சுவர் எதிரே நிற்பேன். கண்ணை மூடி, உயர்த்தி, திறப்பேன். குழல் ஏறியே நிற்கும். சொம்பைச் சாய்க்கத் தொடங்கும்போது மணிக்கட்டு முன்னால் வளையுமே, அந்த அளவு வளைத்து மறுபடியும் உயர்த்துவேன். வீட்டில் துணி பிழிய முடியாமல் நரம்பு இழுத்தது. அந்த ஆளின் முகத்தை நினைத்துக்கொண்டேதான் பழகினேன். பொறுமையால் பழகியதாக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். ஒருநாள் கண்ணைத் திறந்தபோது குழல் தானாகவே நேராக நின்றது.

தேர்வில் குண்டுகள் எல்லாம் நெஞ்சிலேயே விழுந்தன. அதிகாரி என் கையிலிருந்த துப்பாக்கியைச் சரிபார்த்து வாங்கி, குண்டு போட்டுக்கொண்டு தன் தேர்வுக்கு நின்றார்; பயிற்சி தருபவரும் தேறியாக வேண்டும். அவர் அதுவரை இந்தப் புது ரகத்தைத் தொட்டதேயில்லை. விசில் ஊதியது. மண்மேட்டில் புழுதி பறந்தது. அவருக்காக மாட்டிய புது அட்டையில் ஒரு பொத்தல்கூட இல்லை.

அவர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இஸ்மே கராபி ஹை." கோளாறு துப்பாக்கியிலாம்.

"ஹாங் சாப்" என்றது வரிசை. ஒருவரும் சிரிக்கவில்லை.

சற்றுமுன் நான் தேறிய துப்பாக்கியில் பழுது என்று சீட்டுக் கட்டி ஓரமாக வைத்தார்கள்.