அயனம்பாக்கத்தில் லீசுக்கு ஒரு வீடு

சாமுண்டீஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாசலில் நின்ற பேங்க் அதிகாரியைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். அவரும் சலிக்காமல் சொன்னார்: வீட்டுக்காரர் உதயகுமார் பல மாதமாகக் கடன் தவணை கட்டவில்லை, வீடு ஏலத்துக்குப் போகிறது, ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

"அப்போ நான் கொடுத்த பன்னிரண்டு லட்சம்?"

"அது உங்களுக்கும் அவருக்கும் நடுவுலம்மா. எங்ககிட்ட கடன் வாங்கின பிறகு, எங்களைக் கேக்காம போட்ட லீஸ். அது பேங்கைக் கட்டுப்படுத்தாது."

போயும் போயும் இவளுக்கா இப்படி நடக்க வேண்டும்! ஆவடியில் பட்டாளத்துக்கு உடுப்புத் தைக்கும் தொழிற்சாலையில் தலை நரைக்கும் வரை உழைத்தவள். புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, பிள்ளைகுட்டி இல்லாமல் குவார்ட்டர்ஸில் தனியாகக் காலம் தள்ளினாள். கூட வேலை செய்தவர்கள் மனை வாங்குவதென்றாலும் சீட்டுப் போடுவதென்றாலும் இவளிடம்தான் யோசனை கேட்பார்கள். செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் மனை என்று யாராவது வாயெடுத்தால் போதும், "மழைக்காலத்துல போய்ப் பார்த்துட்டு வா, அப்புறம் அட்வான்ஸ் கொடு" என்று அடக்கிவிடுவாள்.

ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அப்போதும் அவள் அவசரப்படவில்லை. சொந்தமாக ஃப்ளாட் வாங்கலாமென்றால் அறுபது வயதில் எவன் கடன் கொடுப்பான்? வாடகைக்குப் போனால் மாதம் பன்னிரண்டாயிரம் கண்ணெதிரே கரையும். லீஸ் என்றால் பன்னிரண்டு லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, மூன்று வருஷம் வாடகையில்லாமல் இருந்துவிட்டு, கிளம்பும்போது முழுசாகத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். மிச்சமாகும் வாடகையை வட்டியாக நினைத்தால், எந்த டெபாசிட்டும் கிட்ட நிற்காது.

வீட்டின் மேல் கடன் இருப்பது அவளுக்குத் தெரியாததல்ல. உதயகுமாரே சொன்னான். கேட்டதும் இவள் முகம் மலர்ந்ததுதான் வேடிக்கை. வில்லங்கம் இருந்தால் பேங்க் கடன் கொடுத்திருக்குமா? வக்கீலுக்கு எதற்குத் தண்டம் அழ வேண்டும்? அட மகராசி, அந்தக் கடன்தானே வில்லங்கமே! அன்றைக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

அதிகாரி போனதும் உதயகுமாருக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. ஓடிவிட்டான் என்றே நினைத்தாள். கடைசிக் காலத்துக்கு என்று அவளிடம் இருந்தது அந்தப் பணம் மட்டும்தான்.

சாயங்காலம் காலிங் பெல் அடித்தது. திறந்தால் சாட்சாத் உதயகுமார்! பக்கத்தில் அவன் மனைவி லாவண்யா, கையில் இரண்டு பெட்டி.

"வேலை பூட்ச்சுமா," என்றான். "உங்க பணத்த பூந்தமல்லில இன்னொரு ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸா போட்டேன். மெட்ரோ வந்தா டபுளாகும்னானுங்க. பில்டரு பாதில நிறுத்திட்டான். இப்ப நாங்க இருந்த ஊட்டுலயும் வாடகை கட்டலன்னு வெளிய தள்ளிட்டாங்க. கொஞ்ச நாள் இங்க தங்கிக்கினு ஒரு வழி பண்றேம்மா."

என்ன நெஞ்சழுத்தம்! கன்னத்தில் நாலு அறை விடலாமா என்றுகூடச் சாமுண்டீஸ்வரிக்குத் தோன்றியது. ஆனால் துரத்திவிட்டால் இவனை எங்கே போய்ப் பிடிப்பது? பேங்குக்கு ஈடாக வீடு இருக்கிறது. இவளுக்கு ஈடாக இருப்பது வாசலில் நிற்கும் இந்த ஆள் மட்டும்தான்.

"உள்ள வாங்க," என்றாள்.

இருவரும் வந்ததும் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.